20 வருஷமா கடலுக்குப் போகாத ரீல்

ஒரு பழைய துணிப்பையோட அப்படியே என் ரிப்பேர் மேஜை மேல வெச்சாரு அந்தப் பெரியவர். பைக்குள்ள பென் கம்பெனியோட செனட்டர், 9/0 சைஸ், பெரிய மீனுக்குன்னே செஞ்ச தூண்டில் ரீல், கையில எடுத்தா சின்னக் குழவிக்கல்லு மாதிரி கனக்குது. கைப்பிடியச் சுத்திப் பார்த்தேன், அசையல. கைப்பிடிக்குக் கீழ இருக்கற நட்சத்திர வீலை, அதான் ஸ்டார் டிராக், ஓடற நரம்புக்கு பிரேக் மாதிரி, கடைசி வரைக்கும் இறுக்கி வெச்சிருக்காரு, அதுவும் அசையல. நரம்பு சுத்தற ஸ்பூல்ல இருந்த தங்கூசி, அதான் நைலான் நரம்பு, மஞ்சளாகி மொறமொறன்னு ஆயிருந்துச்சு, ஓரத்து வளையத்துல குரோம் கொப்புளம் கொப்புளமா எழும்பி அதுக்கு அடியிலேருந்து பச்சையா களிம்பு எட்டிப் பாக்குது.

"20 வருஷமா கடலுக்கே போகல தம்பி, பத்திரமா பையில போட்டு பீரோவுலதான் வெச்சிருந்தேன். அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?"ன்னு கேட்டாரு.

கடலுக்குப் போகாததாலதான் ஐயா, அப்படின்னு சொன்னேன். அவருக்கு அது பதிலாவே படல, நான் ஏதோ சமாதானம் சொல்றேன்னு நெனச்சுட்டாரு. ஆனா உண்மை அதான். நான் இதுவரைக்கும் பிரிச்சுப் பார்த்த பழைய ரீல்கள்ல மீன் இழுத்து உடைஞ்சதுன்னு சொல்ற மாதிரி வந்தது ரொம்பக் கம்மி, பல்லு போன கியர் ஒண்ணு ரெண்டு, வளைஞ்ச கைப்பிடி ஒண்ணு, அவ்ளோதான். மத்ததெல்லாம் சும்மா கிடந்தே போனது. வாரா வாரம் கடலுக்குப் போற ரீலை யாராவது தொடுறாங்க, கழுவுறாங்க, எண்ணெய் விடுறாங்க, ஒரு கரகர சத்தம் வந்தா உடனே தெரிஞ்சிடுது. கடைசியா ஒரு தடவை போயிட்டு வந்து, மேலோட்டமா துடைச்சு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு வெச்சு, அந்த அடுத்த வாரம் வராமலே போயிடுது பாருங்க, அந்த ரீலுக்குத்தான் கேடு.

உப்பு உலோகத்தை அரிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அது காஞ்சு கிடந்தாலும் சும்மா இருக்காதுங்கறதுதான் பல பேருக்குத் தெரியறதில்ல. காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் பக்கம் போனா சாதா உப்பு தானாவே காத்துலேருந்து தண்ணிய இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்புல அது மட்டும் இல்ல, மெக்னீசியம் குளோரைடும் இருக்கு, அதுக்கு 33 சதவீதம் ஈரப்பதமே போதும். அப்படின்னா நாம காஞ்சிருக்குன்னு நெனக்கற வீட்டுக்குள்ளயும் ரீலோட வயித்துக்குள்ள ஒரு துளி உப்புத்தண்ணி வருஷக்கணக்கா இருந்துக்கிட்டே இருக்கு. அந்தத் துளிக்கு ரெண்டு பக்கமும் வேற வேற உலோகம், ஒரு பக்கம் பித்தளை இன்னொரு பக்கம் எஃகு, இல்ல அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும். ரெண்டு உலோகத்துக்கு நடுவுல உப்புத்தண்ணி இருந்தா அது ஒரு பேட்டரி. 20 வருஷம் நிக்காம ஓடின பேட்டரியத்தான் அவரு பையில போட்டுக் கொண்டு வந்திருந்தாரு.

பிரிக்கறதுக்கு முன்னாடி இது எந்த வகை ரீலுன்னு பாத்துக்கணும், ஏன்னா ஒவ்வொண்ணையும் தொடற விதமே வேற. பெரிய மீனைத் தூண்டில் ராடுல பிடிக்கற இந்தப் பழக்கம் பரபரப்பானது 1898-ல, கலிஃபோர்னியா பக்கத்துல கேட்டலினா தீவுல சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர்னு ஒருத்தர் 183 பவுண்டு ப்ளூஃபின் சூரையப் பிடிச்சப்போ, அதே வருஷம் அங்க அவலான்ல ட்யூனா கிளப்பும் ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்து ரீல்ல கைப்பிடி நேரா ஸ்பூலோட சேர்ந்திருக்கும், மீன் ஓடினா கைப்பிடி பின்னால சுழண்டு விரல் முட்டிய உடைச்சிடும். பிரேக்குன்னு இருந்தது ஒரு தோல் துண்டு, அதைக் கட்டை விரலால ஸ்பூல் மேல அழுத்தணும், அவ்ளோதான். வில்லியம் போஷன்ங்கறவருக்குத்தான் பிரேக்கை ரீலுக்கு உள்ள கொண்டு போயிடலாம், கைப்பிடி பின்னால சுத்தாம நிறுத்திடலாம்னு தோணுச்சு. அதை ஜூலியஸ் வாம் ஹோஃப் செஞ்சு குடுத்தாரு. 1913-ல அந்த மாதிரி ரீலை வெச்சே போஷன் 350 பவுண்டுக்கு மேல இருந்த வாள்மீன் ஒண்ணைப் பிடிச்சாரு. இன்னிக்கு நம்ம கையில இருக்கற ஸ்டார் டிராக் எல்லாம் அந்த யோசனையோட வாரிசுங்கதான்.

எட்வர்ட் வாம் ஹோஃப், ஜோ காக்ஸ், ஆர்தர் கோவலோவ்ஸ்கின்னு கையால செஞ்ச ரீல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் 1932-ல ஃபிலடெல்ஃபியாவுல ஆட்டோ ஹென்ஸ் ஆரம்பிச்ச பென், 1936-ல வந்த செனட்டர். பழுது பாக்கறவனுக்கு இந்த ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருக்கு. கையால செஞ்சதுல ஒரு ஸ்க்ரூவ எந்த ஓட்டைலேருந்து எடுத்தோமோ அதே ஓட்டைலதான் திருப்பிப் போடணும், மாத்திப் போட்டா தலை ஒரு முடி அளவு மேல நிக்கும், இல்ல தலைல இருக்கற வெட்டு, அதான் காடி, நேரா உக்காராது. அதனால நான் ஒரு அட்டைல ரீலோட படத்தை வரைஞ்சு, எடுக்க எடுக்க ஸ்க்ரூவ அந்தந்த இடத்துலயே குத்தி வெச்சுடுவேன். ஒண்ணு தொலைஞ்சா தொலைஞ்சதுதான், புதுசா கடையணும். பென்னுல அந்தக் கவலை இல்ல. 5-ன்னா பெரிய கியர், 13-ன்னா பினியன்ங்கற சின்ன கியர், 4-ன்னா டாக்ங்கற தடுப்பு நாக்கு, 6-ன்னா டிராக் வாஷர், இந்த மாதிரி ரீல்ல எந்த மாடலா இருந்தாலும் இந்த எண்ணு மாறாது, பெரும்பாலும் பின்னால மாடல் நம்பரச் சேர்த்துக்கிட்டா போதும். 9/0-ங்கறது மாடல் நம்பர் 115, அதனால அதோட பெரிய கியர் 5-115. பல வருஷம் கழிச்சும் ஒரு சாமான் திரும்பக் கிடைக்கணும்னு யோசிச்சு செஞ்ச ஆளுங்க மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சரி, பெரியவரோட ரீலுக்கு வருவோம். மொத நாள் நான் பண்ணது ஒண்ணே ஒண்ணுதான், எல்லா ஸ்க்ரூ தலைலயும் ஊடுருவற எண்ணெய ஒரு சொட்டு விட்டு மூடி வெச்சுட்டுப் போயிட்டேன். ரெண்டாவது நாளும் அதேதான். மூணாவது நாள் ஸ்க்ரூ காடிக்கு அச்சா பொருந்தற ஸ்க்ரூடிரைவர, துப்பாக்கி ரிப்பேர்காரங்க வெச்சிருப்பாங்களே பக்கம் ரெண்டும் இணையா இருக்கறது அந்த மாதிரி, வெச்சு அழுத்தி மொதல்ல இறுக்கற பக்கமா ஒரு துளி அசைச்சேன், அப்புறம்தான் கழட்டற பக்கம். சாதாரண ஸ்க்ரூடிரைவர் நுனி ஆப்பு மாதிரி சரிஞ்சு இருக்கும், அது காடிலேருந்து வழுக்கி எகிறும், எகிறினா தலை போச்சு, தலை போனா அந்த ரீலோட முகத்துல ஆயுசுக்கும் ஒரு தழும்பு. அசையலன்னா சால்டரிங் அயர்ன் நுனிய ஸ்க்ரூ தலைல கொஞ்ச நேரம் வெச்சு சூடு காட்டிட்டுத் திரும்பவும் எண்ணெய். ஆனா பக்கத்துல எபொனைட்டோ பேக்லைட்டோ, அந்தக் காலத்து பிளாஸ்டிக் மாதிரி சாமான் அது, இருந்தா அந்தச் சூட்டையும் யோசிச்சுத்தான் காட்டணும். காத்திருக்கறதுதான் இந்த வேலைல பாதி. 20 வருஷம் சேர்ந்து பிடிச்சதை 20 நிமிஷத்துல பிரிக்கணும்னு பாத்தா உடைஞ்சுதான் போகும்.

ஒரு விஷயம், மூடியத் திறக்கும்போது பெரிய பிளாஸ்டிக் கவருக்குள்ள கைய விட்டுத் திறங்க. டாக்குக்குப் பின்னால ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கு, அது பறந்து போச்சுன்னா தரையில தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அந்த டாக்குதான் கைப்பிடி பின்னால சுத்தாம தாங்கற நாக்கு, போஷன் காலத்துல முட்டி உடைஞ்ச கதை சொன்னேனே, அதைத் தடுக்கறதே இந்தச் சின்ன நாக்கும் அதுக்குப் பின்னால இருக்கற ஸ்பிரிங்கும்தான். பழைய கிரீஸ் கெட்டியாகி மெழுகு மாதிரி ஆயிட்டா ஸ்பிரிங்குக்கு அதைத் தள்ள பலம் இருக்காது, பாக்க ரீல் நல்லாத்தான் சுத்தும், ஒரு நாள் 100 கிலோ மீன் மாட்டும்போது டாக் பிடிக்காம விட்டுடும். அதனால ஸ்பிரிங் நல்லா இருந்தாலும் நான் மாத்திடுவேன்.

களிம்பு சுரண்டறதுல நான் ஒரு பெரிய தப்பு பண்ணியிருக்கேன், அதைச் சொல்லிடணும். ஆரம்பத்துல வந்த ஒரு ரீலோட பித்தளை பிரிட்ஜை, உள்ள கியரைத் தாங்கற தட்டு அது, வினிகர்ல போட்டுட்டு ராத்திரி தூங்கிட்டேன். காலைல எடுத்துப் பார்த்தா பித்தளை மஞ்சளா இல்ல, ரோஸ் கலர்ல இருக்கு. பித்தளைங்கறது செம்பும் துத்தநாகமும், புளிப்பு துத்தநாகத்தை மொதல்ல தின்னுட்டு செம்பை விட்டுடும். மேல மட்டும்னா மெருகு போட்டுத் தேத்திடலாம், ஆனா ஆழமா போயிட்டா அது கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா பலமில்லாம ஆயிடும், இதையேதான் கடல் தண்ணியும் மெதுவா பண்ணுது. அந்த பிரிட்ஜைத் தூக்கித்தான் போட வேண்டியிருந்துச்சு. இப்பல்லாம் வினிகருக்கு சம அளவு தண்ணி கலந்து, சில நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து, பழைய பல் பிரஷ்ல தேய்ச்சு, சமையல் சோடா கரைச்ச தண்ணில அலசி, நல்லா காய வெச்சுத்தான் அடுத்த வேலை. அலுமினியத்தை இதுகிட்டயே காட்டறதில்ல.

அதைவிட மோசம் அமோனியா கலந்த பாலிஷ். பித்தளைய அது கண்ணாடி மாதிரி ஆக்கிடும், அதனால பல பேரு ஆசைப்படறாங்க. ஆனா வளைச்சும் அழுத்தியும் உருவாக்கின பித்தளைக்குள்ள ஒரு இறுக்கம் இருந்துக்கிட்டே இருக்கும், அதுல அமோனியா பட்டா தானா விரிசல் விடும். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவுல மழைக்காலத்துல குதிரை லாயத்துல வெச்சிருந்த துப்பாக்கித் தோட்டாவோட பித்தளைக் கூடெல்லாம் தானாவே வெடிப்பு விட்டுக் கிடந்துச்சாம், குதிரை மூத்திரத்துலேருந்து வந்த அமோனியாதான் காரணம்னு 1921-ல தெளிவா எழுதி வெச்சாங்க. சும்மா கிடந்த பொருளுக்கு வந்த கேடு, இங்கயும் அதே கதைதான் பாருங்க.

இனிமே டிராக். ரீல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, இதுக்கு எவ்ளோ நேரம் செலவழிச்சாலும் தகும். பெரிய கியரோட வயித்துக்குள்ள வாஷரை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருப்பாங்க. ஒரு உலோக வாஷருக்கு வெளிப்பக்கம் காது இருக்கும், அது கியரோட சேர்ந்து சுத்தும். அடுத்ததுக்கு நடு ஓட்டைல சாவி வெட்டு, அது கைப்பிடி அச்சோட சேர்ந்து நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல உராயற வாஷர். நட்சத்திரத்தை இறுக்கினா இந்த அடுக்கு நசுங்கும், நசுங்க நசுங்க நரம்பு போறது கஷ்டமாகும். இவ்ளோதான் சூட்சுமம், ஆனா இதுலதான் மீன் தங்கறதும் போறதும்.

பெரியவர் இறுக்கினபடியே 20 வருஷம் விட்டிருந்தாரு இல்லையா, உராயற வாஷர் உலோகத்தோட ஒட்டிக் கிடந்துச்சு. பிளேடு நுனியால மெல்ல மெல்ல பிரிச்சேன், பிரிச்சா கடப்பா கல்லு மாதிரி வழவழன்னு இருக்கு. இங்க ஒரு எச்சரிக்கை. பழைய ரீல்ல இந்த வாஷர் ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததா இருக்கலாம், பாத்து சொல்லிட முடியாது. அதனால வயசான வாஷர் எதையுமே காஞ்சபடி சுரண்டாதீங்க, தேய்க்காதீங்க, ஊதாதீங்க. நனைச்சு எடுத்து ஒரு கவர்ல கட்டித் தனியா வெச்சுடுங்க. தோல் வாஷர்னா கதை வேற, காஞ்சு போயிருந்தாலும் தோலுக்குன்னு இருக்கற எண்ணெய்ல ஊற வெச்சு கனமான பொருளுக்குக் கீழ ஒரு நாள் அமுக்கி வெச்சா பல நேரம் உசுரு வந்துடும். ரொம்பப் பழைய கையால செஞ்ச ரீலுக்கு நான் தோலைத்தான் திருப்பிப் போடுவேன். ஆனா மீனுக்குப் போகப்போற ரீலுன்னா கார்பன் ஃபைபர் வாஷர் போடுறதுல எனக்குத் தயக்கமே இல்ல, மேல டிராக்குக்குன்னு இருக்கற கிரீஸ் லேசா ஒரு பூச்சு. பழமையக் கெடுக்கறேன்னு சிலர் சண்டைக்கு வருவாங்க. வெளியே தெரியாத ஒரு வாஷரு, பழசு பத்திரமா கவர்ல இருக்கு, வேணும்னா என்னிக்கு வேணாலும் திருப்பிப் போட்டுக்கலாம். கியருக்கு அடியிலயும் ஒரு வாஷர் இருக்கு, அதை மாத்த மறந்துடறவங்க நிறைய.

இந்த வாஷர் என்ன பாடு படுதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 12 கிலோ டிராக்ல மீன் 300 மீட்டர் ஓடுதுன்னு வைங்க. 12 கிலோ இழுவை, 300 மீட்டர் தூரம், பெருக்கினா சுமாரா 35,000 ஜூல். 100 மில்லி தண்ணியக் கொதிநிலை வரைக்கும் கொண்டு போகப் போதுமான சூடு அது, அத்தனையும் நாலஞ்சு மெல்லிசு வாஷருக்குள்ள, அதுவும் ஒரு நிமிஷத்துக்குள்ள. ஆல்ஃபிரெட் கிளாசெல் 1953 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெரு நாட்டு காபோ பிளான்கோவுல பிடிச்ச கருப்பு மார்லின் 1,560 பவுண்டு, அதாவது 700 கிலோவுக்கு மேல. அந்த ரீலோட டிராக் அன்னிக்கு எவ்ளோ சூட்டை முழுங்கியிருக்கும்னு நெனச்சுப் பாத்தா எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும்.

டிராக் நல்லா இருக்குன்னா என்னன்னா, பலமா இருக்கறது இல்ல, ஒரே சீரா இருக்கறது. ராடுல மாட்டி நரம்பு நுனிய ஒரு ஸ்பிரிங் தராசுல கட்டி மெல்ல இழுங்க. முள்ளு ஏறி 8 கிலோவுக்குப் போயி, டக்குனு விட்டு, 6-க்கு எறங்கி, திரும்ப ஏறி ஆடுச்சுன்னா வாஷர் சரியில்ல. கிளம்பறதுக்கும் ஓடறதுக்கும் நடுவுல வித்தியாசம் எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்ல டிராக். அளவு என்னன்னா நரம்பு அறுந்து போற எடையில மூணுல ஒரு பங்குலேருந்து நாலுல ஒரு பங்கு வரைக்கும், 80 பவுண்டு நரம்புன்னா 20-லேருந்து 26 பவுண்டு. இன்னொண்ணு, ஸ்பூல் நிறைஞ்சிருக்கும்போது வெச்ச அளவு மீன் ஓட ஓட ஏறிக்கிட்டே போகும். நீங்க நட்சத்திரத்தைத் தொடவே இல்லன்னாலும் ஏறும். வாஷர் பிடிக்கற பிடி அதேதான், ஆனா நரம்போட சுத்து வட்டம் சின்னதாகுது, வட்டத்தோட குறுக்களவு பாதியாச்சுன்னா இழுவை ரெண்டு மடங்கு. மீன் தூரமா போனதும் பதட்டத்துல இன்னும் இறுக்கறவங்க நரம்பை அறுத்துக்கறது இதனாலதான், அப்போ தளர்த்தணும்.

ஸ்பூல்ல சுத்தின நரம்பும் சும்மா இருக்கறதில்ல. தங்கூசி இழுபடற சாமான், பெரிய மீனோட சண்டை போட்டு இழுபட்டபடியே ஸ்பூல் மேல சுத்தி வந்திருக்கும், அப்புறம் அது பழையபடி சுருங்கப் பாக்கும். ஒரு சுத்து சுருங்கறது ஒண்ணுமில்ல, ஆயிரம் சுத்து சேர்ந்து சுருங்கினா ஸ்பூலோட பக்கச் சுவரை வெளிய தள்ளும், பழைய பிளாஸ்டிக் ஸ்பூல் எல்லாம் அப்படியே வெடிச்சுப் போகும், உலோக ஸ்பூலும் கூட விரிஞ்சு பக்கத்தகட்டுல உரசும். அதுக்கும் முன்னாடி லினன் நூல்தான். அதை இழை எண்ணிக்கைல சொல்வாங்க, ஒரு இழைக்கு நனைஞ்ச நிலைல 3 பவுண்டு, 24 இழைன்னா 72 பவுண்டு, 39 இழைன்னா 117. நனைஞ்சா பலம் கூடற நூல் அது, ஆனா நனைஞ்சபடியே விட்டா மக்கிடும், அதனால ஒவ்வொரு தடவையும் கரைக்கு வந்ததும் மொத்த நூலையும் ஒரு பெரிய சட்டத்துல சுத்தி உலர்த்தியே ஆகணும். சோம்பேறித்தனத்துக்கு இடமே குடுக்காத நூல். நைலான், டாக்ரான்னு செயற்கை நூல் வந்தப்புறம் அந்த வேலை இல்லாம போச்சு, கூடவே ரீலைத் தினம் பிரிச்சுப் பாக்கற பழக்கமும் போச்சுன்னு எனக்கு ஒரு எண்ணம்.

பழைய ரீலோட கருப்புப் பக்கத்தகடு எபொனைட்டா பேக்லைட்டான்னு தெரிஞ்சுக்காம கழுவாதீங்க. எபொனைட்டுங்கறது ரப்பர்ல நிறைய கந்தகம் சேர்த்து இறுக்கினது. வெளிச்சமும் ஈரமும் பட்டா அந்தக் கந்தகம் மேல வந்து கருப்பு நிறம் பழுப்பும் பச்சையுமா மாறும், அமிலமும் ஊறும், பக்கத்துல இருக்கற உலோகத்தையும் கெடுக்கும். சுடுதண்ணி பட்டாலே நிறம் போயிடும். கண்ணாடி அலமாரில வெயில் படற மாதிரி அழகுக்கு வெச்ச ரீலு பழுப்பாகி நிக்கறதை நான் நிறைய பாத்திருக்கேன். பச்சைத்தண்ணி, மெல்லிசு சோப்பு, உடனே துணியால ஒத்தி எடுக்கணும், மேல லேசா மெழுகு, அப்புறம் இருட்டு. அவ்ளோ போதும்.

மெருகு விஷயத்துல என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. ஜெர்மன் சில்வர் பேருலதான் சில்வர், உள்ள செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான், வயசாக ஆக அதுக்கு ஒரு மங்கலான தேன் நிறம் வரும். அதை பஃபிங் வீல்ல குடுத்து வழிச்சு எடுத்துட்டா ஓரமெல்லாம் மொழுக்குன்னு ஆயிடும், செஞ்சவர் பொறிச்ச பேரு மங்கிடும், ஸ்க்ரூ தலைல மழுங்கல் விழும். களிம்பு உலோகத்தைத் தின்னுது, அதை எடுக்கணும். மங்கல் எதையும் தின்னல, அதைத் தொடவே வேணாம். உரிஞ்ச குரோமையும் நான் திரும்ப முலாம் பூசச் சொல்றதில்ல, கொப்புளத்துக்கு அடியில சுத்தம் பண்ணி மெழுகு பூசி விட்டா அது அப்படியே இன்னும் ரொம்ப காலம் நிக்கும்.

ராடுக்கு வருவோம், பெரியவரு ரீலோட ராடும் கொண்டு வந்திருந்தாரு, ஃபைபர்கிளாஸ். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வந்த சரக்கு அது, தண்டு சாகாது, ஆனா மேல இருக்கற நூலும் வார்னிஷும் வெயிலுக்கு நொறுங்கும். அதுக்கு முன்னாடியெல்லாம் ஹிக்கரி மரம், கிரீன்ஹார்ட் மரம், அப்புறம் பிளந்த மூங்கில். சீனாவோட குவாங்டாங் பகுதில விளையற டோங்கின் மூங்கிலப் பட்டை பட்டையா சீவி ஒட்டி செய்வாங்க. 1950-ல அமெரிக்கா சீன இறக்குமதிய நிறுத்தினதும் மூங்கில் வரத்து நின்னு போச்சு, ஃபைபர்கிளாஸ் மேல வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். மூங்கில் ராடு கையில வந்தா நான் மொதல்ல பண்றது நகத்தால அடிலேருந்து நுனி வரைக்கும் தட்டிக்கிட்டே போறது. ஒட்டு நல்லா இருக்கற இடத்துல டிக் டிக்னு கெட்டியா கேக்கும், விட்டுப் போன இடத்துல சத்தம் பொத்தலா மாறும். பழைய ஒட்டுப்பசை மாட்டுத்தோல் எலும்புலேருந்து காய்ச்சினது, ஈரத்தை இழுக்கும், வார்னிஷ்ல ஒரு விரிசல் போதும் உள்ள பிரிய ஆரம்பிக்க. மூலைல சாய்ச்சு வெச்ச மூங்கில் அப்படியே வளைஞ்சு நிக்கும். லேசா வளைஞ்சிருந்தா இதமான சூடு காட்டி எதிர்ப்பக்கம் மெல்ல வளைச்சுப் பிடிச்சு ஆற விட்டா நேராகும், ஆனா பசை எந்த வகைன்னு தெரியாம சூடு காட்டினா வளைவு நிமிர்றதுக்குள்ள ஒட்டு விட்டுடும். சாய்க்காதீங்க, படுக்க வைங்க இல்ல நுனியப் பிடிச்சுத் தொங்க விடுங்க.

பெரிய ராடுல நரம்பு போற வழிலயெல்லாம் குட்டி உருளை இருக்கும், ரோலர் கைடு. உப்பு இறுகி ஒரே ஒரு உருளை நின்னு போனாலும் நரம்பு அது மேல ஒரே இடத்துல அறுத்துக்கிட்டே ஓடும், கொஞ்ச நாள்ல காடி விழும், அந்தக் காடி அடுத்த நரம்பையும் அறுக்கும். விரலால சுத்திப் பாத்து திருப்திப் படாதீங்க, விரல் எதை வேணாலும் சுத்தும். நரம்பை மாட்டி மெல்ல இழுத்து, அந்த இழுவைலேயே உருளை சுத்துதான்னு பாக்கணும். பெரியவரோட ராடுல ஆறுல ரெண்டு சுத்தல. பின்னை எடுத்து, உருளையையும் புஷ்ஷையும் கழட்டி, காடி விழாததைத் துடைச்சு எண்ணெய் விட்டுப் போட்டேன், நுனில இருந்ததுல காடி விழுந்திருந்துச்சு, அதை மாத்தினேன்.

கைடை ராடோட சேர்த்துச் சுத்தியிருக்கற நூலை எடுக்கும்போது பிளேடை கைடோட கால் மேல வெச்சு மட்டும் கீறணும், தண்டு மேல பிளேடே படக்கூடாது. ஒரு கீறல் போதும், பின்னாடி பாரம் வரும்போது தண்டு அந்த இடத்துலதான் முறியும். பழைய ராடுன்னா பட்டு நூல், அதுக்கு நிறம் காக்கற பூச்சு குடுக்காம வார்னிஷ் அடிச்சா நூல் கண்ணாடி மாதிரி ஆகி உள்ள இருக்கறதெல்லாம் தெரியும், சில பழைய ராடுல வேணும்னே அப்படித்தான் விட்டிருப்பாங்க, அதனால எடுக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. வார்னிஷ் மெல்லிசா பல பூச்சு, ஒவ்வொண்ணும் முழுசா காயணும். எபாக்ஸி ஒரே பூச்சுல கெட்டியா வரும், ஃபைபர்கிளாஸ்ல அதைத்தான் போடுவேன், ஆனா மூங்கில் மேல கண்ணாடிக் கட்டி மாதிரி எபாக்ஸி நிக்கறது எனக்குப் பிடிக்காது, தண்டு வளையும்போது அது வளையாம ஓரத்துல வெடிக்கும்.

கடல்லேருந்து வந்த அன்னிக்கே பண்ண வேண்டியதைச் சொல்றேன், அடுத்த வாரம் இல்ல, அன்னிக்கே. ஹோஸ் பைப்பை வேகமா திறந்து ரீல் மேல அடிக்காதீங்க, அந்த வேகம் உப்பைக் கழுவாது, உள்ள தள்ளும். டிராக்கை இறுக்கிக்கிட்டு நல்ல தண்ணிய மழைத்தூறல் மாதிரி மேல விட்டு, உதறி, துணியால துடைச்சு, ஒரு ராத்திரி காய விட்டு, எண்ணெய் தொட்ட துணியால ஒரு துடை. கைப்பிடிக் குமிழுக்கு ஒரு சொட்டு எண்ணெய். டபிள்யூடி-40 ஸ்பிரே ஈரத்தை வெளியேத்த நல்லா இருக்கும், ஆனா அது கிரீஸுக்குப் பதில் ஆகாது, இருக்கற கிரீஸையும் கரைச்சிடும். உள்ள பித்தளைக்கும் ஸ்க்ரூ மரைக்கும் கடலுக்குன்னு இருக்கற கிரீஸ், ஸ்க்ரூ மரைல தடவ மறந்துடாதீங்க, அடுத்து பிரிக்கப் போறவரு உங்களை வாழ்த்துவாரு. கடைசியா, நட்சத்திரத்தை முழுசா தளர்த்திட்டுத்தான் அலமாரில வெக்கணும். கழுவும்போது இறுக்கம், வெக்கும்போது தளர்வு.

பெரியவர் ரீலுக்கு மொத்தம் அஞ்சு வாரம் ஆச்சு. வாஷர் எல்லாம் புதுசு, டாக் ஸ்பிரிங் புதுசு, கியர் பழசே, பல்லெல்லாம் முழுசா இருந்துச்சு. வாங்க வந்தாரு, கைப்பிடிய ஒரு சுத்து சுத்தினாரு, கிளிக்கரப் போட்டு நரம்பை இழுத்துப் பாத்தாரு, அந்த கிர்ர் சத்தத்தை நாலஞ்சு தடவை திரும்பத் திரும்பக் கேட்டாரு. ஒண்ணும் பேசல. அப்புறம் சுத்தும் முத்தும் பாத்து, "பை எங்க தம்பி?"ன்னாரு.

பை பக்கெட்டுல ஊறிக்கிட்டு இருந்துச்சு. கடைசித் தடவை கடல்லேருந்து வந்தப்போ ஈர ரீலை அதுக்குள்ளதான் போட்டிருக்காரு, அந்த உப்பு 20 வருஷமா துணிக்குள்ளயே இருந்து காத்துலேருந்து ஈரத்தை வாங்கி வாங்கி ரீலுக்குக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கு. மூணு தடவை தண்ணி மாத்தியிருந்தேன். அவர் முன்னாடியே நாலாவது தண்ணில விரலை நனைச்சு நாக்குல வெச்சுப் பாத்தேன், அவரும் குனிஞ்சு விரலை விட்டு வெச்சுப் பாத்தாரு.

"இன்னும் இருக்கு"ன்னாரு.

ரீலை ஒரு அட்டைப்பெட்டில வெச்சுக் குடுத்தேன். பைய அடுத்த வாரம் வந்து வாங்கிக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.